ஒரு தடவைதான் கூப்பிடும்

9 ஜூன் 2025, திங்கள்

பாண்டீஸ்வரி இன்றைக்கு என் காரில் உட்கார்ந்து இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாள். நானும் படித்தேன். பரீட்சை அவளுக்குத்தான். ஆனால் அண்ணன் மகள் தனியாகப் படித்தால் தூங்கிவிடுவாள். தவிர, காரைக்குடியில் இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் என்னை விட்டு வேறு யாரிடம் போவாள்? எத்தனை வருஷமாக டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரி, ஒரு தடவை நார்வே மந்திரி ஒருத்தரின் மச்சான் — எல்லோரும் சோணைமுத்துவின் இங்கிலீஷைக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாம் புரிந்துபோனதால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

விஷயம் இதுதான். பாண்டி இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வீடியோவில் பேசிப் பார்த்து அவளை எடுத்துக்கொண்டது. ஐயெல்ட்ஸ் பரீட்சையில் நாலு பகுதியும் தேறினால் கிளம்பிவிடலாம். இரண்டு தடவை எழுதிவிட்டாள். வாசிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றும் ஜம்மென்று வருகிறது. லிசனிங் மட்டும், அதாவது ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே விடை எழுதுகிற பகுதி மட்டும், இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது. ஆகஸ்டில் மூன்றாவது தடவை. அதுவும் போனால் வேறு பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று மெயில் வந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் மாவு மில். பகலெல்லாம் கடகட. அதனால் காரைக் கண்மாய்க்கரையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஒலிப்பதிவைக் கார் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறோம். ஸ்பீக்கர் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. பதிவில் லண்டன்காரி பேசினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

12 ஜூன், வியாழன்

இன்றைக்கு ரீடிங். நடுக்கடலில் கலங்கரை விளக்கம் காத்த ஒருத்தரைப் பற்றிப் பத்தி. கீழே ஒரு வரி: அவருக்குப் பிள்ளைகள் உண்டு. சரியா, தப்பா, ‘நாட் கிவன்’ஆ என்று எழுத வேண்டும். நான் சரி என்று போட்டேன்.

“பத்தியில அப்படி எங்குட்டு இருக்கு சித்தப்பா?”

“இல்லைன்னும் எங்குட்டும் இல்லையேத்தா. அத்தனை வருசம் ஒரு மனுசன் பிள்ளைகுட்டி இல்லாமலா வெளக்கேத்திக்கிட்டு இருப்பான்?”

“சொல்லாத விசயம் நாட் கிவன். நீங்களாப் போட்டு ரொப்பக் கூடாது.”

ரொப்பாமல் எப்படி? என் பிழைப்பே அதில்தானே. போன வாரம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் ஒரு ஸ்பெயின்காரியிடம், இந்தப் பூ டிசைனை முதலில் போட்டவன் காதலியின் கொண்டையைப் பார்த்துப் போட்டான் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறைக்காரர் என்னை முறைத்தார். யார் போட்டது என்று அவருக்கும் தெரியாது. கொடுக்கப்படவில்லை என்றால், நாம் கொடுக்க வேண்டியதுதான்.

16 ஜூன்

ரீடிங்கில் எனக்கு நாற்பதுக்குப் பதினொன்று. கேள்வித்தாளிலேயே கோளாறு இருக்கிறது.

19 ஜூன், வியாழன்

ஒன்று கவனித்தேன். எனக்குக் கண் கூர்மை. ரிவர்ஸ் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் ஜாதகமே பார்ப்பேன்.

லண்டன்காரி முதலில் ஒரு அறிவிப்புச் சொல்கிறாள். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும் என்று. அதைக் கேட்டதும் பாண்டியின் தோள்பட்டை மேலே ஏறுகிறது. பேச்சு தொடங்குகிறது. பேனா தாளின் மேல் நிற்கிறது. எழுதவில்லை. விடை காதில் விழுந்து, பிறகு கடந்தே போய்விட்டது. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். எதற்கு? அது மறுபடி சொல்லும் என்று. சொல்லவில்லை. அதற்குள் அடுத்த விடையும் போகிறது.

ஒவ்வொரு பகுதியிலும் இப்படித்தான். முகத்தைப் பார்த்தால் இங்கிலீஷ் புரியாத முகம் இல்லை அது.

24 ஜூன்

பாண்டியைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் இருந்து “பாண்டி!” என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற மாரீஸ்வரி என்ற நர்ஸ் சிரித்தது. “இன்னொரு வாட்டி கூப்பிடுங்கண்ணே. ஒத்தைக் கூப்பாட்டுக்கு இவ திரும்புனதா சரித்திரமே கெடையாது. நோயாளிகளே ‘சிஸ்டர் சிஸ்டர்’னு ரெட்டையாத்தான் கூப்புடுறாக.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரில் வரும்போது பாண்டி சிரிக்கவில்லை.

27 ஜூன், வெள்ளி

சொல்லிவிட்டாள். காரை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவைப் போடாமல் நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராத காரியம். இருந்தேன்.

அண்ணன் முத்துராமன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் மதினியும் பாண்டியும் காரைக்குடிக்கு என்னோடு இருக்க வந்தார்கள். கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீடு, வயல், வயலில் கிணறு. ஐப்பசி மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு விடியல். மதினி பிரசவம் பார்க்க ஒக்கூருக்கு, அவர் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அண்ணனும் சின்னப் பிள்ளையான பாண்டியும்தான். வெளியே இருந்து யாரோ ஒரு தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் “இந்தா வாரேன்” என்று எழுந்து போனார். போனவரைக் கிணற்றடி மோட்டார்ப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். கரண்ட். “நான்தான் கூப்பிட்டேன்” என்று ஊரில் ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே இதைச் சொல்லிவிடுவோம்: வெளியே இருந்து குரல் வந்தால் முதல் தடவைக்கு வாயைத் திறக்காதே. காத்து கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும். மனுஷன் என்றால் மறுபடி கூப்பிடுவான்.

“நான் முழிச்சுத்தான் படுத்திருந்தேன் சித்தப்பா. ஒரு தடவைதான் கூப்பிட்டுச்சு. அப்பா வாயைத் தொறக்குறதுக்குள்ள நான் சொல்லியிருக்கலாம்ல? பேசாதீகன்னு ஒரு வார்த்தை.” பிறகு, “அந்தப் பொம்பளை ‘ஒரு தடவைதான்’னு சொல்லும்போதே எனக்குக் கை கட்டிப்போச்சு. எழுதுனா நான் பதில் குடுத்துட்ட மாதிரி.”

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நூறு பொய் வாயில் வந்து நின்றது. ஒன்றும் பொருந்தவில்லை.

3 ஜூலை

ஒரே பதிவை மறுபடி மறுபடி போட்டேன். இரண்டாவது தடவைக்கு எல்லா விடையையும் எழுதிவிட்டாள், சொச்சம் ஒன்றோ இரண்டோ. காது தங்கமான காது. முதல் தடவைதான் பூட்டு.

மதினி சோலையம்மாளிடம் சொன்னேன். கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்த கயிறு கட்டிவிட்டு வந்தார். மறுநாள் முன்னைவிட மோசம். கருப்பருக்கு இங்கிலீஷ் பழக்கமில்லை போலிருக்கிறது. இதைச் சொன்னதற்கு மதினி கரண்டியை ஓங்கினார்.

“சிரிங்க தம்பி. சிரிங்க. ஒங்க அண்ணனும் இப்படித்தான் ஒண்ணுக்கும் பயப்பட மாட்டாக.”

11 ஜூலை, வெள்ளி

காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மில் இன்னும் திறக்கவில்லை. தெருமுனையில் இருந்து “சோணை” என்று கூப்பிட்டது. ஒரு தடவை. நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அடுத்தது வரவில்லை. தெருவில் யாரும் இல்லை.

எனக்குப் பயமெல்லாம் கிடையாது. திருமயம் கோட்டைக்குப் பின்னால் தனியாக ஒரு ராத்திரி காரில் படுத்திருந்தவன் நான். மில்காரராக இருக்கும்.

12 ஜூலை

மில்காரர் சிவகங்கைக்குப் போயிருந்தாராம்.

24 ஜூலை, வியாழன், ஆடி அமாவாசை

ராமேஸ்வரம் சவாரி. மதுரைக் குடும்பம். அவர்கள் முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் கடற்கரையில் நின்றேன். அண்ணன் செத்த அன்றைக்கும் இதே இடம்தான். முதல் நாள் சாயங்காலமே ஒரு வடநாட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களுக்கு ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒரு கதை கட்டிச் சொல்லிவிட்டு, டீயைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஊரில் எங்கள் வயலைப் பார்த்துக்கொள்கிற முத்தப்பன் போன் பண்ணினான். அவன் முதலில் அழுதான், பிறகு சொன்னான்.

எதையும் இட்டுக்கட்டிச் சொல்கிறவன் நான். அந்த நாளைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு கதையும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் அங்கே இல்லை.

31 ஜூலை, வியாழன்

இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. இன்றைக்குப் பாண்டி பேனாவை வீசிவிட்டாள். டாஷ்போர்டில் பட்டுத் தெறித்தது. “என்னைய வுட்ருங்க சித்தப்பா. நான் இங்கனயே கெடந்துக்கிறேன்.” கதவைத் திறந்து கண்மாய்க்கரையில் இறங்கி நடந்தாள். ஸ்பீக்கரில் லண்டன்காரி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள், நூலகத்தில் உறுப்பினராவது எப்படி என்று. நானும் அவளும் மட்டும் காரில். நிறுத்தினால் போயிற்று. எனக்கும் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்குக் கூப்பிட்டது யார்? சரியா, தப்பா — இரண்டும் இல்லை. நாட் கிவன். பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலியான இடத்தில்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

யாராவது ஒரு மனுஷன் வந்து, நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டால்?

5 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தேன். பொன்னமராவதிச் சவாரிக்கு வழி நெடுகக் கதையே சொல்லவில்லை, வந்தவர்களுக்கு ஏமாற்றம். இன்றைக்குக் கண்மாய்க்கரையில் நிறுத்தினேன். பாண்டி ஒலிப்பதிவைப் போடப் போனாள்.

“ஏத்தா, ஒங்கப்பனைக் கூப்பிட்டது நான்தான்.”

அவளுக்கு விளங்கவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ராமேஸ்வரம் சவாரியைத் திருப்பத்தூரில் ஏற்ற விடியலில்தான் போனேன். வழியில் பார்த்தால் நம் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, மழைத் தண்ணீரோடு சேர்ந்து வரப்பை அறுத்துக்கொண்டு போகிறது. வீட்டுக்கு வந்து வெளியே நின்று அண்ணே என்றேன். எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். அதற்குத்தான் அவர் “இந்தா வாரேன்” என்றது.

“நீ முழிச்சதே அந்த மூணாவது சத்தத்துக்குத்தான். மொத ரெண்டும் ஒனக்குத் தூக்கத்துல போச்சு. அதான் ஒண்ணுன்னு நெனைச்சுட்ட.”

அவள் பேனாவை மூடிவிட்டாள். எனக்கோ வாய் நிற்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை, மேலும் கொஞ்சம் போட்டேன். அண்ணன் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் வந்தார். மோட்டாரை நிறுத்துங்க என்று சொல்லிவிட்டு நான் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். பிறகு போலீஸுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து, வாயைத் திறக்கவில்லை.

“நீங்க நிறுத்தியிருக்கலாம்ல?” என்றாள் கடைசியில். “மோட்டாரை. நீங்களே போயி.”

இதற்கு நான் விடை தயார் பண்ணவில்லை. எல்லா ஓட்டையையும் அடைத்தவன் இதை விட்டுவிட்டேன்.

“ஆமா” என்றேன்.

இறங்கி நடந்து போனாள். வீடு வரைக்கும். நான் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் ராமேஸ்வரத்தில்தான் இருந்தேன். இதை எழுதி வைக்கிறேன். எனக்கே மறந்துவிடக் கூடாது.

6 ஆகஸ்ட்

மதினிக்குத் தெரிந்துவிட்டது. சோறு வைத்தார். பேசவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

பாண்டி இப்போது உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் போட்டுக் கேட்கிறாள், மில் சத்தத்தோடேயே. முன் அறையில் இருந்து எனக்கு லண்டன்காரியின் குரல் கேட்கிறது. அவள் ஒரு தடவைதான் என்று சொல்லி முடித்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுப்படி மேடையில் விடைத்தாள் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். முதல் கேள்விக்கு விடை எழுதியிருந்தது. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தாள். நாற்பதுக்கு முப்பத்துமூன்று.

சொன்னேனே, இங்கிலீஷுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று.

16 ஆகஸ்ட், சனி

திருச்சியில் பரீட்சை. கார் வாசலில் துடைத்து நிறுத்தியிருந்தேன். தாயும் மகளும் என்னைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார்கள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே திருச்சி வரைக்கும் போனேன். டீசல் புகையெல்லாம் எனக்குத்தான். பரீட்சைக் கட்டடத்துக்கு எதிரே நின்றேன். மதினி என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

22 ஆகஸ்ட், வெள்ளி

மில்காரர்தான் சொன்னார், பாண்டி தேறிவிட்டது என்று. லிசனிங்கில் ஏழரையாம்.

2 செப்டம்பர், செவ்வாய்

மதினி பேசினார். கேள்வி ஒன்று.

“அன்னைக்கு நீங்க வந்தப்ப மழை விட்டுருந்துச்சா, பேஞ்சுக்கிட்டு இருந்துச்சா?”

“தூறிக்கிட்டு இருந்துச்சு மதினி.”

சரி என்று உள்ளே போய்விட்டார்.

இனிமேல் இதையெல்லாம் நான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். டூரிஸ்ட்டுக்குச் சொல்கிற கதை நாளைக்கு மாறினால் யார் கேட்கப் போகிறார்கள்? இது மாறக் கூடாது.

19 செப்டம்பர்

இன்றைக்கு இன்னொன்று. மதினி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கேட்டார்.

“சாக்கு போட்டுக்கிட்டு வந்தாகன்னு பாண்டிக்கிட்டச் சொன்னீகளா?”

“ஆமா மதினி.”

தேய்க்கிற கை நின்றது. “ஒக்கூர்ல இருந்து நான் வந்து எறங்குனப்ப கெணத்தடியில அந்தச் சாக்கு கெடந்துச்சு. மடிச்ச மடிப்புக் கலையாம. அதைப் பாக்கப் பொறுக்காம நான்தேன் கொண்டாந்து அடுப்புல வச்சேன். ஒரு சனத்துக்குத் தெரியாது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்னுதேன் இத்தனை நாளா யோசிச்சேன். நீங்க பாத்துருக்கீக.”

மழை என்றால் எல்லாரும் சாக்குதான் போடுவார்கள். குருட்டாம்போக்கில் அடித்தது பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

30 அக்டோபர், வியாழன்

விடிய மழை. படுத்திருந்தேன். அண்ணன் வீட்டு வாசல் தெரிந்தது. ஓட்டில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, என் செருப்பில் சேறு, காரின் முன்விளக்கு சுவரில் விழுந்திருக்கிறது. நான் கையைக் குவித்து அண்ணே என்கிறேன். கதவு திறக்கிறது. சாக்குக்குள் அவர் முகம். தூக்கக் கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “வந்துட்டியாடா?”

இதை நான் பாண்டியிடம் சொல்லவில்லை. கட்டவும் இல்லை. தானாக வந்து நிற்கிறது.

ராமேஸ்வரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வடநாட்டுக் குடும்பத்தில் எத்தனை பேர்? அவர்கள் முகம்? ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. வயது ஆகிறதல்லவா.

14 நவம்பர்

அண்ணனுக்குத் திதி. படையலுக்கு என்னை உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வாசல் பக்கமாக நின்று கும்பிட்டேன்.

9 ஜனவரி 2026, வெள்ளி

பாண்டி போய்விட்டாள்.

பெட்டிகள் அதிகம், பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால் என் காரிலேயே திருச்சி ஏர்போர்ட். மதினியும் பாண்டியும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். புதுக்கோட்டை தாண்டி நான் மட்டும், லண்டனில் குளிருக்கு மிளகு ரசம் வைத்துக் குடிக்க வேண்டும் என்று நார்வே மந்திரியின் மச்சான் சொன்னதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக் கொடுத்தேன். மதினி கழிப்பறைக்குப் போயிருந்தார். பாண்டி என் பக்கம் வந்து நின்றாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“சித்தப்பா, அன்னைக்கு நெசமாவே நீங்கதான் கூப்பிட்டீகளா?”

அவள் முகத்தில் ஒரு வழி திறந்து வைத்திருந்தாள். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால், கூப்பிட்டது யார் என்று தெரியாத அந்தக் காலி இடத்தோடேயே அவள் விமானம் ஏற வேண்டும். அங்கே வார்டில் யாரோ ஒரு கிழவி அவளை ஒரே ஒரு தடவை கூப்பிடுவாள்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

“ஆமாத்தா” என்றேன்.

தலையை ஆட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

18 ஜனவரி

மதினிக்குப் போன் வந்தது. வார்டு, பனி, பஸ் எல்லாம் சொல்கிறாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. யாரோ அங்கே “பாண்டி” என்று கூப்பிட்டார்கள், வெள்ளைக்காரக் குரலில். “எஸ், கமிங்” என்று உடனே சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

25 ஜனவரி, ஞாயிறு

காலையில் மதினி சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார். “கண்டரமாணிக்கத்துக்கு விடுங்க.”

அண்ணன் போனதில் இருந்து அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்களும் விஷயம் தெரிந்ததும் வராமல் போய்விட்டார்கள். வயலைப் பார்த்துக்கொள்கிற முத்தப்பன்கூட வீட்டுப் பக்கம் போக மாட்டான்.

மதினி சாவி போட்டார். திறக்க நேரம் எடுத்தது. பிறகு திரும்பி என்னைக் கேட்டார்.

“எங்குட்டு நின்னு கூப்பிட்டீக?”

நான் தெருவைப் பார்த்தேன். எங்கே நின்றேன் என்று யோசிக்கக்கூட இல்லை. கால் தானாகப் போய் மின்கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றது.

“நான் உள்ள போயி அவுக படுத்த எடத்துல படுத்துக்கிறேன். கதவைச் சாத்திக்கிறேன். அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க. கூடவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்.”

“என்னத்துக்கு மதினி இதெல்லாம்?”

“கேக்குதான்னு பாக்கணும். கூப்பிடுங்க தம்பி.”

கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் கையைக் குவித்தேன்.

அண்ணே.

இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க.

அண்ணே.

மூன்றாவதற்கு முன்னால் சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தேன். ஆனாலும் கூப்பிட்டுவிட்டேன். ஊரே கேட்டிருக்கும்.

வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் இழுக்கிற சத்தம். மதினி வெளியே வந்தார். முதுகெல்லாம் தூசி. அழுத கண். ஆனால் முகம் தெளிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

“கேக்குது” என்றார். “மூணும் நல்லாக் கேக்குது. சின்னப் புள்ளைக்கு மொத ரெண்டும் தூக்கத்துல போயிருக்கும். மனுசன்தேன் கூப்பிட்டுருக்கு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முத்தப்பன்ட்டச் சொல்லி வெள்ளையடிக்கச் சொல்லணும். ஓடு ரெண்டு எடத்துல ஒழுகியிருக்கு. யாரையாச்சும் குடியிருக்க விடுவோம். இல்லாட்டி நானே வந்து இருக்கேன்.”

வீட்டைப் பூட்டவில்லை. காற்று போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காரில் ஏறினார், முன்சீட்டில்.

திருப்பத்தூர் ரோட்டில் ஏறியதும் கேட்டேன்.

“மதினி, நான் கூப்பிட்டப்ப உள்ள இருந்து நீங்க ஏதாச்சும் பதில் சொன்னீகளா?”

“நான் எங்க சொன்னேன்? மூணும் கேக்கணும்னு முந்தானையை வாயில வச்சுப் பொத்திக்கிட்டுல்ல படுத்துக் கெடந்தேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

இரண்டாவது தடவைக்கே பதில் வந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. இதை நான் எந்தச் சவாரிக்கும் சொல்லப் போவதில்லை.